முன்னே சென்ற பெட்டி

சுமையின்றிப் பயணஞ் செய்யவேண்டும் என்பது மனிதனின் பழைய ஆசைகளுள் ஒன்று. முற்காலத்தில் அந்த ஆசை மன்னருக்கும் பிரபுக்களுக்குமே கைகூடியது. அவர்கள் பல்லக்கிற் சென்றனர். அவர்களுடைய பெட்டி படுக்கைகள் வேறு மனிதரின் தலைகளில் ஏறி முன்னே சென்றன. வெள்ளைக்காரத் துரைமார் எமது மலைநாட்டுக் காடுகளுக்குள் புகுந்தபோதும் அவ்வாறே நடந்தது. துரை குதிரையிற் போனார். துரையின் மேசையும் நாற்காலியும் கூலிகளின் தலையிற் போயின. இன்று காலம் மாறிவிட்டது. ஒரு படிவத்தை நிரப்பிச் சில ஆயிரம் யென்னைச் செலுத்தினால், ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியரும் கைவீசிக்கொண்டு யப்பான் நாட்டைக் குறுக்கறுத்துச் செல்லலாம். அவருடைய பெட்டி அவர் தங்கப்போகும் இடத்தைத் தேடி முன்னதாகவே போய்ச் சேரும். இது முன்னேற்றந்தானா? முன்னேற்றமென்றால் யாருடைய முன்னேற்றம்? இந்தக் கேள்வியை நாம் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. கியோத்தோ நகரத்து விடுதியொன்றின் படிக்கட்டில் வெட்கத்தோடு நின்றபோது எழுந்த கேள்வி இது.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாமும் துணைவியாரும் யப்பானுக்குச் சென்றோம். எம்மிடம் கல்வி கற்ற மாணவர் ஒருவர் கியோத்தோவில் ஆராய்ச்சிப் பணியில் இருக்கிறார். பல ஆண்டுகளாக அவர் விடுத்துவந்த அழைப்பை இம்முறை தட்ட முடியவில்லை. கொழும்பிலிருந்து நரிட்டாவுக்கு விமானம். டோக்கியோவில் இரண்டு நாள். அங்கிருந்து ஷின்கான்சென் எனப்படும் அதிவேகப் புகையிரதத்தில் கியோத்தோ. இதுவே திட்டம்.

இருவருக்குமாக ஒரே பெட்டி கொண்டு சென்றோம். பெட்டி ஒன்றுதான், ஆனால் பெரியது. உடுபுடைவைகள் பாதி. மீதிப் பாதியில் மாணவர் கேட்டெழுதிய பொருள்கள்: வறுத்திடித்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகப் புத்தகங்கள். பழைய மாசிகைகளின் கட்டுகள் சில. தோட்டத் தொழிலாளரின் வரலாறு பற்றியும் தொழிற்சங்க இயக்கம் பற்றியும் நாம் பல காலமாகச் சேர்த்து வைத்திருந்த தடித்த நூல்கள் சில. கட்டுநாயக்காவில் நிறுத்தபோது பெட்டி 29 கிலோ இருந்தது. ஊழியர் ஒருவர், பாரங் கூடிய பெட்டி என்று அறிவிக்கும் அட்டையொன்றை அதன் கைபிடியிற் கட்டினார்.

தனியொரு பெட்டி 32 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது விமானப் போக்குவரத்திற் பரவலாகக் கைக்கொள்ளப்படும் விதி. அது விமானத்தின் நன்மைக்காக ஏற்பட்டது என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சற்று யோசித்தால் அவ்வெண்ணம் எவ்வளவு பேதைமையானது என்பது புலப்படும். இருநூறு தொன்னுக்கு மேற்பட்ட நிறையோடு எழும்பும் விமானத்துக்கு மூன்று கிலோ ஒரு பொருட்டா? அந்த எல்லை விமானத்துக்குரியதன்று; பெட்டியைத் தூக்கும் மனிதனின் முள்ளந்தண்டுக்குரியது. விமான நிலையங்களில் பட்டிகளும் இயந்திரங்களும் எத்தனை இருந்தாலும், பட்டியிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து விமானத்தின் வயிற்றுக்கும் பெட்டி மாறுமிடத்தில் இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகளே வேலை செய்கின்றன. சிறிய விமானங்களில் அந்த வயிற்றுக்குள் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லை. முழந்தாளிட்டவாறே பெட்டிகளை அடுக்குகின்றனர். கட்டுநாயக்காவிற் கட்டிய அட்டையும் இம்மனிதருக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையே. அதை நாம் அப்போது வாசிக்கவில்லை.

மாணவர் முன்கூட்டியே தொலைபேசியிற் சொல்லியிருந்தார்: “மாஸ்ரர், அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு ரெயினிலை ஏறாதையுங்கோ. ஏயார்போட்டிலையே குடுத்துவிடுங்கோ. நீங்கள் ஆறுதலா வாங்கோ. பெட்டி உங்களுக்கு முதல் வந்திடும்.”

நரிட்டாவின் வருகை மண்டபத்தில் இதற்கெனப் பொதிச் சேவை நிறுவனங்களின் கருமபீடங்கள் இருக்கின்றன. முறை மிக எளிது. தங்கும் விடுதியின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், அறை யாருடைய பெயரிற் பதிவாகியுள்ளது, எந்த நாளில் எந்த நேரத்துக்குள் பெட்டி வேண்டும் என்பவற்றைப் படிவத்தில் எழுதவேண்டும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் கூட்டிவரும் சென்ரிமீற்றர்த் தொகையும் நிறையுமே கட்டணத்தைத் தீர்மானிக்கின்றன. கூட்டுத்தொகை 160க்கு உட்பட்ட பெட்டி 25 கிலோ வரை இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் அடுத்த வகுப்பு. கடவுச்சீட்டு, பணம், மருந்து ஆகியவற்றைப் பெட்டியில் வைக்காமற் கையோடு கொண்டு செல்ல வேண்டும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டொன்றைத் தருவார்கள். அவ்வளவுதான்.

எமது பெட்டி 25 கிலோவைத் தாண்டியிருந்தது. கருமபீடத்துப் பெண் தராசின் இலக்கத்தைப் பணிவோடு சுட்டிக்காட்டினார். சில பொருள்களை எடுத்துக் கைப்பையில் வைக்கலாம் என்றார் துணைவியார். “நான்கு கிலோப் புத்தகத்தை யார் தோளிற் சுமப்பது? கூடிய பணத்தைக் கொடுத்தால் ஆயிற்று” என்று நாம் சொன்னோம். சொன்னதோடு நில்லாமற் சிரிக்கவும் சிரித்தோம். கூடிய பணம் என்பது எமது புகையிரதக் கட்டணத்தோடு ஒப்பிடுகையிற் சிறு தொகையே. டோக்கியோவிலிருந்து கியோத்தோ செல்ல ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 14,000 யென். பெட்டிக்கு அதன் நான்கில் ஒரு பங்களவே செலவாயிற்று. மூன்றாம் நாள் பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையிற் பெட்டி வேண்டுமென எழுதிக்கொடுத்துவிட்டு வெளியேறினோம்.

வெறுங்கையோடு பயணஞ் செய்வதை யப்பானியர் ‘தெபுரா’ என்கின்றனர். அதன் இன்பத்தை மறைப்பதற்கில்லை. டோக்கியோவின் நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களில் எத்தனை படிகள், எத்தனை திருப்பங்கள்! மூட்டுவாதக்காரியான எமது துணைவியார் இரண்டு நாளும் ஒரு துணிப்பையோடு சிறுபெண்போல் நடந்தார். மூன்றாம் நாட் காலை ஷின்கான்சென்னில் ஏறினோம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி ஓடத்தொடங்கிய பாதை அது. வண்டி இடைநிலையங்களில் ஓரிரு நிமிடமே தரிக்கும். அந்நேரத்துள் நூற்றுக்கணக்கானோர் இறங்கி ஏறவேண்டும். பெரிய பெட்டியோடு தடுமாறுபவருக்கு அங்கே இடமில்லை. முப்பரிமாணக் கூட்டுத்தொகை 160 சென்ரிமீற்றரைத் தாண்டிய பெட்டியைக் கொண்டுவருபவர் அதற்கென ஒதுக்கிய இடமுள்ள ஆசனத்தை முன்பதிவு செய்யவேண்டுமென 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் விதி வகுத்தார்கள்.

எமக்கு இளமைக்காலப் புகையிரதம் நினைவுக்கு வந்தது. 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்குப் படிக்கப் போன எம் தலைமுறையினர், மாம்பழக் கூடையையும் தகரப் பெட்டியையும் கார்ட்டின் பெட்டியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பயணியும் அவன் சுமையும் ஒரே வண்டியில் ஒன்றாகவே போயினர். யப்பானிலும் பயணிகளின் பொதிகளைத் தேசியப் புகையிரதம் ஏற்றிச்சென்ற காலம் இருந்தது. பொதியைக் கயிற்றாற் கட்டிச் சீட்டுத் தொங்கவிட்டு நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புகையிரதம் விரைவுபெற விரைவுபெறச் சுமை அதிலிருந்து இறங்கிவிட்டது. இறங்கிய சுமை எங்கே போயிற்று? வீதிக்குப் போயிற்று. லொறிக்குப் போயிற்று. லொறியிலிருந்து ஒரு மனிதனின் கைக்குப் போயிற்று.

1919இல் நான்கு லொறிகளோடு டோக்கியோவில் ஆரம்பித்த யமாத்தோ நிறுவனம் 1976ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி ‘தக்கியூபின்’ என்னும் வீட்டுக்கு வீடு பொதி சேர்க்கும் சேவையைத் தொடங்கியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் பெரிய கம்பனிகளின் சரக்கை நம்பி வாழமுடியாமற் போன நிலையில், சாதாரணக் குடும்பங்களின் சிறு பொதிகளை நாடியவர் அதன் தலைவர் ஒகுரா மசாவோ. முதல் நாளிற் கிடைத்தவை 11 பொதிகள் மாத்திரமே. இன்று அந்நாட்டில் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து வீடுகளிற் சேர்க்கும் பொதிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி. பனிச்சறுக்குப் பலகையும் கோல்ப் மட்டையும் 1980களிலேயே இவ்வாறு முன்னே செல்லத் தொடங்கிவிட்டன. விமானப் பயணியின் பெட்டி அந்த வரிசையில் ஒன்று.

கியோத்தோவில் இறங்கியதும் இச்சேவையின் இன்னொரு நன்மையைக் கண்டோம். இலையுதிர் காலத்துச் செந்நிறத்தைக் காண உலகமே அங்கு வந்திருந்தது. நகரப் பேருந்துகளின் நடைபாதை முழுவதும் உல்லாசப் பயணிகளின் பெட்டிகள். சந்தைக்குப் போய்வரும் அந்நகரத்துக் கிழவி ஒருத்தி தன் ஊரின் பேருந்தில் ஏற இடமின்றிப் பின்வாங்கி நின்றாள். பெட்டிகளை முன்னே அனுப்பிவிட்டு வாருங்கள் என்று அந்நகர நிருவாகமே பயணிகளை வேண்டிக்கொள்வதில் நியாயமுண்டு. நாமோ பெட்டியின்றி வந்தவர்கள். எம்மைப் பற்றி எமக்கே ஒரு பெருமிதம் உண்டாயிற்று. அந்தப் பெருமிதத்தோடு காமோ ஆற்றங்கரையில் நடந்தோம், பாலத்தில் நின்றோம், தேநீர் அருந்தினோம். நேரம் போனது தெரியவில்லை.

விடுதியை அடைந்தபோது மாலை 5 மணி. அது நகரின் கிழக்கே, ஹிகாஷியாமாவின் சரிவில், ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் இருந்த சிறு விடுதி. கீழே ஒரு கடை. மேலே இரண்டு மாடிகள். எமது அறை உச்சியில். மின்தூக்கி இல்லை. விடுதிக்காரர் இரவிலே வந்து போவார். பகலிற் கதவைத் திறக்க இலக்கங்களைத் தந்திருந்தார். எமது கதவடியில் ஒரு துண்டு செருகப்பட்டிருந்தது. மாணவர் அதை எடுத்து வாசித்தார், முகம் மாறியது.

“மாஸ்ரர், நீங்கள் ரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையிலை எண்டு எழுதிக் குடுத்தனீங்கள். அந்த மனுசன் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார். நீங்கள்தான் இல்லை.”

கீழ்க் கடைக்கார மூதாட்டி அவரிடம் மேலும் விளக்கினார். மூன்று மணியளவில் பொதிக்காரர் வந்தாராம். உச்சி அறை என்று தெரிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டே மேலே ஏறினாராம். கதவைத் தட்டிக் காத்திருந்துவிட்டு, பெட்டியோடு மீண்டும் இறங்கிப் போனாராம். ஒழுங்கைக்குள் லொறி வராது. பெருந்தெருவிலிருந்து கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தவர், அப்படியே தள்ளிக்கொண்டு திரும்பினார். மாணவர் துண்டிலிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசி, 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் மறுபடி வருமாறு கேட்டார்.

எட்டு மணியளவில் படிக்கட்டிற் காலடியோசை கேட்டது. கதவைத் திறந்து எட்டிப்பார்த்தோம். அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர், நரைத்த தலை, நிறுவனத்தின் சீருடை. பெட்டியின் அடிப்பாகத்தை ஒரு கையாலும் கைபிடியை மறு கையாலும் பற்றி, அதனை முதுகோடு சாய்த்து, ஒரு பக்கமாகத் திரும்பியவாறு படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தார். பெட்டிக்குச் சக்கரங்கள் உண்டு. படிக்கட்டில் சக்கரத்துக்கு என்ன வேலை? நாம் இறங்கிச் சென்று ஒரு முனையைப் பிடிக்க முயன்றோம். அவர் தலையசைத்து மறுத்தார். மேலே வந்து பெட்டியை ஓசையெழாமல் வைத்தார், குனிந்து வணங்கினார், ஏதோ சொன்னார். மாணவர் மொழிபெயர்த்தார்: தாமதத்துக்கு மன்னிக்க வேண்டுமாம். குறித்த நேரத்துக்கு வந்து ஆளின்றித் திரும்பியவர் அவர். மன்னிப்புக் கேட்டவரும் அவரே. நாம் கொடுக்க முயன்ற பணத்தை அவர் வாங்கவில்லை. கையெழுத்தைப் பெற்றுக்கொண்டார். இன்றைய வேலை முடிந்துவிட்டதா என்று மாணவரைக் கொண்டு கேட்டோம். லொறியில் இன்னும் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

துணைவியார் ஒன்றும் பேசாமற் பெட்டியைத் திறந்தார். மேலே கிடந்தவை தொழிலாளர் வரலாற்று நூல்கள். நான்கு கிலோவை எமது தோளில் ஏற்ற விரும்பாது, 29 கிலோவையும் இரண்டு தடவை ஒரு முதிய தொழிலாளியின் முதுகில் ஏற்றியிருந்தோம். அந்த 29 கிலோவிற் பெரும்பகுதி உழைப்பின் மாண்பைப் பற்றிய புத்தகங்கள்!

அன்றிரவு எமக்குத் தந்தையார் நினைவாகவே இருந்தது. அவர் வடபகுதிப் புகையிரத நிலையமொன்றின் பொருட்கிடங்கில் மூட்டை தூக்கியவர். அரிசியும் சீனியும் சீமெந்தும் அந்தர்க் கணக்கில் வரும். ஓர் அந்தர் 112 இறாத்தல். இன்றைய அளவிற் சொல்வதானால் 50 கிலோவுக்குச் சற்று அதிகம். மாலையில் வீடு வந்ததும் அவருடைய பிடரியில் அம்மா சுடுநல்லெண்ணெய் தடவுவார். அந்த இடத்துத் தோல் காய்த்து, தொட்டாற் கட்டைபோல் இருக்கும். உடலுக்குக் கேடு விளைக்கும் பாரத்தை எந்தத் தொழிலாளியும் தூக்குமாறு பணிக்கப்படலாகாது என்று சர்வதேசத் தொழில் தாபனம் சமவாயம் ஒன்றை நிறைவேற்றியது 1967இல். அதனோடு வந்த விதந்துரை, வளர்ந்த ஆணொருவர் சுமக்கத்தக்க உச்ச அளவை 55 கிலோ என்று வகுத்தது. அந்தச் செய்தி எமது ஊருக்கு எட்டுமுன்னரே தந்தையாரின் முதுகு வளைந்துவிட்டது. அந்த முதுகின் கூலியிற் படித்தே நாம் ஆசிரியரானோம். ஒரு தலைமுறைக்குள், தூக்குகின்ற பக்கத்திலிருந்து அனுப்புகின்ற பக்கத்துக்கு வந்துவிட்டோம். வந்ததிற் பிழையில்லை. வந்த வழியை மறந்ததே பிழை.

பின்வந்த நாட்களில் மாணவரிடமும் அவருடைய நண்பர்களிடமும் இச்சேவையின் உள்விவரங்களைக் கேட்டறிந்தோம். ஆளின்றித் திரும்பிச் சென்று மீண்டும் வருவது எமது ஒருவரின் கதையன்று. சென்ற பத்தாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டுப் பொதிகளில் ஐந்திலொரு பங்கு முதல் தடவையிற் சேர்க்க முடியாமல் மறுமுறையும் எடுத்துச் செல்லப்பட்டன. இவ்வீண்வேலை மாத்திரம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 90,000 சாரதிகளின் உழைப்புக்குச் சமமென அரசாங்கமே 2015இற் கணித்தது. மறுமுறை வருவதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்பதனால் செலவும் இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். செலவு உண்டு, அதனைச் செலுத்துபவர் வேறொருவர்.

வலைப்பின்னல் வணிகம் பெருகியபோது பொதிகள் வெள்ளமாகப் பெருகின. 2017ஆம் ஆண்டின் இளவேனிற்காலச் சம்பளப் பேச்சுவார்த்தையில் யமாத்தோவின் தொழிற்சங்கம் ஒரு விசித்திரமான கோரிக்கையை முன்வைத்தது. சம்பளத்தைக் கூட்டுங்கள் என்பதோடு, பொதிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள் என்றும் கேட்டது. வியாபாரம் பெருக வேண்டாம் என்று தொழிலாளர் கேட்பதாயின், அவர்கள் எந்த எல்லைக்குத் தள்ளப்பட்டிருக்க வேண்டும்! அதே ஆண்டு ஏப்ரலில், ஏறத்தாழ 47,000 ஊழியருக்குக் கொடாது விடப்பட்ட மேலதிக நேரக் கொடுப்பனவு 1,900 கோடி யென் அளவில் இருப்பதாக அந்நிறுவனமே கணக்கெடுத்து வெளியிட்டது. யூன் மாதத்தில், நண்பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையிற் பொதி வேண்டுமெனக் கேட்கும் வசதியை நீக்கினார்கள். ஏன்? சாரதி மதிய உணவு உண்பதற்காக. ஒக்டோபரில், 27 ஆண்டுகளின் பின்னர், கட்டணத்தை உயர்த்தினார்கள்.

நரிட்டாவில் நாம் நிரப்பிய படிவத்திலும் காலை நேரம் உண்டு. 2 மணி முதல் 4 மணி வரை உண்டு. நண்பகல் மாத்திரம் இல்லை. அந்த வெற்றிடத்தை ஒரு வசதிக்குறைவாகவே அப்போது கண்டோம். அது ஒரு மனிதன் சோறுண்ணும் நேரம் என்பதையும், தொழிலாளர் போராடிப் பெற்ற நேரம் என்பதையும் பின்னரே அறிந்தோம். எமது பாடநூல்களில் வேலைநிறுத்தங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் ஆண்டும் திகதியும் உண்டு. ஒரு படிவத்தில் ஒரு நேரம் இல்லாமற் போனதும் வரலாறே என்று மாணவருக்கு நாம் சொல்லிக் கொடுத்ததில்லை.

நாம் சென்ற 2024ஆம் ஆண்டிலேயே இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து பாரவூர்திச் சாரதிகளின் மேலதிக வேலைக்கு ஆண்டுக்கு 960 மணித்தியாலம் என்ற எல்லை சட்டமாயிற்று. பொதுவாக ஏனைய தொழிலாளருக்கு அந்த எல்லை 720. எனவே சட்டத்தின் கண்ணிலும் சாரதியின் இளைப்பு மற்றவரின் இளைப்பிலும் மலிவானது. அந்த 960ஐயும் ‘நெருக்கடி’ என்றே வர்த்தகர் அழைத்தனர். இத்தனை காலமும் அதற்கு மேலும் உழைத்த மனிதருக்கு என்ன நெருக்கடி என்று கேட்டோர் சிலரே. தனியாள் ஒப்பந்தத்தில் சொந்தச் சிறு வாகனத்திற் பொதி சேர்ப்போர் வேறு இருக்கின்றனர். சட்டத்தின்படி அவர்கள் தொழிலாளரல்லர், சுயதொழில் செய்வோர். ஆதலால் அவர்களுக்கு 960உம் இல்லை.

இவற்றையெல்லாம் கேட்டபின் எளிதான இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, இனிமேல் எமது பெட்டியை நாமே சுமப்போம் என்பது. இது பார்வைக்கு அழகான முடிவு, ஆனாற் பயனற்றது. மூட்டுவாதம் உள்ளவரும் முதியோரும் கைக்குழந்தையோடு செல்லும் தாயும் என் செய்வார்கள்? பேருந்தில் இடமின்றி நின்ற அந்தக் கிழவிக்கு என்ன பதில்? தனித்தனியே நூறு பேர் நூறு பெட்டிகளை இழுப்பதிலும், ஒரு லொறியில் நூறு பெட்டிகள் செல்வது அறிவுடைமை. சுமையைக் கூட்டாகக் கொண்டுசெல்லும் ஏற்பாடு சமுதாயத்துக்கு நல்லது. அந்தச் சாரதிக்கும் வேலை வேண்டும்.

மற்றது, காசு கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்பது. நரிட்டாவில் நாம் சிரித்துக்கொண்டு சொன்ன முடிவு அது. காசு கணக்கைத் தீர்ப்பதாயின் தொழிற்சங்கம் எதற்கு? நான்கு கிலோவுக்கு நாம் கூடுதலாகக் கொடுத்த தொகை நிறுவனத்தின் பேரேட்டிற் போய்ச் சேர்ந்தது. அதிலே எவ்வளவு அந்த முதுகுக்குச் சேர்ந்தது என்பதை எமது பற்றுச்சீட்டுச் சொல்லவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையிலே செய்யத்தக்கவை உண்டு. அவை சிறியவை. பெட்டியின் நிறையைக் குறைப்பது ஒன்று; ஒரு பெரிய பெட்டியிலும் இரண்டு சிறிய பெட்டிகள் தூக்குபவருக்கு எளிது. குறித்துக்கொடுத்த நேரத்துக்கு அவ்விடத்தில் இருப்பது மற்றொன்று. மின்தூக்கி இல்லாத விடுதியாயின் கீழே வந்து வாங்கிக்கொள்வது இன்னொன்று. இவை பயணியின் கடமைகள். இவற்றுக்கும் மேலாக, கட்டணம் உயரும்போது, அந்த உயர்வு தொழிலாளியைச் சேருமாயின், முணுமுணுக்காது கொடுப்பதும், சேராவிடின் ஏன் சேரவில்லை என்று கேட்பதும் குடிமகனின் கடமை. முதலில் சொன்னவற்றுக்கு ஒழுக்கம் போதும். பின்னையதற்கு ஒற்றுமை வேண்டும். ஒழுக்கத்தை மாத்திரம் போதித்து ஒற்றுமையை மறப்பது ஆசிரியர்களாகிய எம்மிடமுள்ள பழைய குறை.

திரும்பும்போது புத்தகங்கள் மாணவரின் அலுமாரியில் தங்கிவிட்டன. பெட்டி 15 கிலோவாகக் குறைந்திருந்தது. விமான நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அதனை நரிட்டாவுக்கு அனுப்பவேண்டும். பொதிக்காரர் வந்து எடுத்துச் செல்வதாக ஏற்பாடு. குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே நாமும் துணைவியாரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பெட்டியை இறக்கினோம். 15 கிலோ, இரண்டு மாடிகள், இரண்டு பேர். இடையிலே இருமுறை தரித்து மூச்சு வாங்கினோம். கீழே வந்தபோது எமக்கு வியர்த்துவிட்டது. அந்த மனிதர் 29 கிலோவைத் தனியே இருமுறை ஏற்றியதும் ஒருமுறை இறக்கியதும் அப்போதுதான் எமக்கு இலக்கங்களாக இல்லாமல் உடம்பிலே தெரிந்தன. வந்தவர் அவரல்லர், ஓர் இளைஞர். கீழே ஆயத்தமாக நின்ற பெட்டியைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவே. அதற்குமேல் நாம் ஒன்றும் சாதித்துவிடவில்லை.

கட்டுநாயக்காவில் இறங்கி, ஊருக்குப் புகையிரதம் ஏறக் கோட்டை நிலையத்துக்கு வந்தோம். படிகளைக் கண்டு துணைவியார் தயங்கினார். பெட்டியைத் தூக்கித் தரட்டுமா என்று கேட்டு ஒருவர் அணுகினார். புறக்கோட்டையில் நாட்டாமையாக நெடுங்காலம் மூட்டை தூக்கியவராம். பாரவண்டி இழுக்க முடியாமற் போனதும் நிலையத்து வாசலுக்கு வந்துவிட்டாராம். அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமற் கொடுத்தோம். வழக்கமாகப் பேரம் பேசுபவர்கள்தான் நாம். மேடையிற் பெட்டியை இறக்கிவைத்தபின் சற்று நேரம் கதைத்தோம். உங்களுக்குச் சங்கம் ஏதும் உண்டா என்று கேட்டோம். அவர் எம்மை ஒருமுறை பார்த்தார். “சங்கமா? எங்களை ஆர் ஐயா கணக்கிலை எடுக்கிறது?” என்றார்.

யப்பானில் ஒரு தொழிலாளியின் மதிய உணவுக்காகப் படிவத்தில் இரண்டு மணித்தியாலம் அழிக்கப்பட்டது. அதனை அழித்தது முதலாளியின் இரக்கமன்று; தொழிலாளரின் கூட்டுக் குரல். எமது நாட்டில், புகையிரத நிலையத்து வாசலில் நிற்கும் இந்த மனிதருடைய பெயர் எந்தப் படிவத்திலும் இல்லை. அழிப்பதற்கும் எழுதுவதற்கும் முன்னர், அவரைக் கணக்கில் எடுக்கவேண்டும். அந்த வேலை எமக்கு மீதியிருக்கிறது.